கட்ச் மண்ணின் பேரேடு

(ஒரு நூலக அரங்கில் மாலை நேர உரையாக நிகழ்த்தப்பட்டது. பேச்சில் இரண்டு முறை வந்தவற்றை மட்டும் நீக்கி அச்சிடப்படுகிறது.)



நான் நிலவியல் பாடம் நடத்திப் பிழைத்தவன். நிலநடுக்கத்தைப் பற்றி எந்த வகுப்பில் பேசினாலும், மணி அடிக்கச் சற்று முன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். "சார், அது எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்?" நியாயமான கேள்வி. மகாமகத்துக்குப் பன்னிரண்டு வருஷம், தேர்தலுக்கு ஐந்து வருஷம், ஐப்பசி வந்தால் அடைமழை என்று கணக்கோடு வாழ்கிறவர்கள் நாம். பூமி ஆடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கத்தானே வேண்டும்? ஆரம்ப காலத்தில் நானும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வகுப்பை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். அதற்கான பரிகாரமாகத்தான் இன்றைய பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வியை ஒரே ஓர் ஊரில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். குஜராத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் கட்ச். பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய மாவட்டம். கிட்டத்தட்ட 45,000 சதுர கிலோமீட்டர். வடக்கே ரண் என்ற உப்புப் பாலை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், வெயில் காலத்தில் கண்ணைக் கூசவைக்கும் உப்புத் தட்டு. தெற்கே கட்ச் வளைகுடா. கச்சபம் என்றால் ஆமை அல்லவா, ஆமை முதுகு போல நடுவில் மேடும் சுற்றிலும் தண்ணீருமாக இருப்பதால் வந்த பெயர் என்று அந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. சொற்பிறப்பு சரியோ தவறோ, உருவம் சரிதான்.

கட்சை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், அது புத்தகத்துக்கு அடங்காத ஊர். ஜப்பானிலும் சிலியிலும் நிலநடுக்கம் வருவதற்கு ஒரு பள்ளிப்பிள்ளையே காரணம் சொல்லிவிடும். அங்கே இரண்டு புவித்தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்று செருகுகின்றன. கட்சோ தட்டின் விளிம்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவன்மேல் தெருச்சண்டையின் கல் வந்து விழுவது போன்ற சங்கதி இது. ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்குள் ரிக்டர் ஏழைத் தாண்டிய இரண்டு பெரு நடுக்கங்கள் அந்த மண்ணில் நடந்திருக்கின்றன.

காரணம் பழையது. டைனோசர்கள் உலவிய காலத்தில், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தபோது, இந்தியாவின் இந்த ஓரத்தில் நிலம் இழுபட்டுக் கிழிந்தது. முழுசாகப் பிரிந்து போகவில்லை. பாதிக் கிழிசலோடு நின்றுவிட்டது. அந்தக் கிழிசல்கள்தான் இன்று கட்சில் கிழக்கு மேற்காக ஓடும் பிளவுகள். நகர் பார்க்கர், அல்லா பந்த், தீவு வரிசை, கட்ச் பெருநிலம், கட்ரோல் மலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அன்று இழுத்ததால் வந்த கிழிசல் இன்று நெருக்கப்படுகிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே போய் ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது இல்லையா, அந்த முட்டலின் அழுத்தம் இங்கேயும் வந்து சேர்கிறது. புதுப் பாறையை உடைப்பதைவிடப் பழைய கிழிசலை நகர்த்துவது எளிது. கிழிந்த வேட்டி கிழிந்த இடத்திலேயே மறுபடியும் கிழியும்.

சரி, கணக்குக்கு வருவோம். அந்தக் காலத்து மளிகைக் கடையில் இரண்டு புத்தகம் இருக்கும். கல்லாப் பக்கத்தில் கிடப்பது சிட்டை. நடந்தது நடந்தபடி அன்றன்றைக்குக் கிறுக்குவது. உள்ளே பெட்டியில் பூட்டி வைப்பது பேரேடு. கட்சின் நிலநடுக்கங்களுக்கும் இப்படிப் பல புத்தகங்கள் இருக்கின்றன. எந்தப் புத்தகத்தைப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதலில் காகிதத்தில் எழுதியவை. 1819-ஆம் ஆண்டு ஜூன் 16, மாலை ஏழு மணிக்குச் சற்று முன். இன்றைய மதிப்பீட்டில் 7.7 முதல் 8 வரை சொல்லப்படும் நடுக்கம். ரிக்டர் அளவை வந்ததே 1935-ல்தான். ஆகவே இந்த எண் கருவி சொன்னது அல்ல, இடிந்த சுவர்களையும் உயர்ந்த மண்ணையும் வைத்துப் பின்னால் போட்டது. புஜ், அஞ்சார் போன்ற ஊர்களில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் உயிர் போனது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில் ஜும்மா மசூதியின் புகழ்பெற்ற ஆடும் மினார்கள் விழுந்தன. இன்று அந்த மசூதிக்குப் போகிறவர்கள் மொட்டையாக நிற்கும் அடிப்பகுதிகளைத்தான் பார்க்க முடியும்.

இறந்தவர் தொகை ஒருபுறம் இருக்கட்டும். ரண் பாலைக்குள் நடந்ததுதான் இந்த நடுக்கத்தை உலகப் புத்தகங்களில் ஏற்றியது. சிந்து நதியின் ஒரு கிழக்குக் கிளை அந்நாளில் ரண் வழியே கடலுக்கு வந்தது. அதன் கரையில் சிந்த்ரி என்று ஒரு சிறு கோட்டை. கட்ச் அரசின் சுங்கச் சாவடி. நடுக்கத்தில் கோட்டையைச் சுற்றியிருந்த நிலம் அமிழ்ந்து கடல்நீர் புகுந்தது. காவலுக்கு இருந்தவர்கள் ஒற்றைக் கோபுரத்தின்மேல் ஏறி நின்று, மறுநாள் படகில் மீட்கப்பட்டார்கள். பொழுது விடிந்து வடக்கே பார்த்தால், தட்டையாக இருந்த ரண் பாலையில் ஒரு நீண்ட கரை நின்றது. எண்பது கிலோமீட்டருக்கும் குறையாத நீளம், இடத்துக்கு இடம் மூன்று முதல் ஆறு மீட்டர் உயரம். ஒரு மாலைப் பொழுதில் எழுந்த கரை.

அந்தக் கரைக்கு மக்கள் வைத்த பெயரில் ஒரு குத்தல் இருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால், 1762-ல் ஜாரா என்ற இடத்தில் கட்ச் படையோடு பெரும் போர் நடத்திய சிந்து ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோரா, கட்சைப் பழிவாங்க ஆற்றின் குறுக்கே அணை போட்டார். லக்பத்தைச் சுற்றியிருந்த நெல் வயல்கள் காய்ந்தன. ஆமாம், இன்று உப்பு பூத்துக் கிடக்கும் அந்த இடத்தில் நெல் விளைந்தது! காவிரித் தண்ணீர்க் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மனிதர் போட்ட அந்த அணைகளிலிருந்து பிரித்துச் சொல்லத்தான், 1819-ல் எழுந்த கரைக்கு அல்லா பந்த் என்று பெயர் வந்தது. ஆண்டவன் போட்ட அணை. 1826-ல் சிந்துவில் பெருவெள்ளம் வந்து மனித அணைகளையும் உடைத்து, ஆண்டவன் அணையையும் அறுத்துக்கொண்டு சிந்த்ரியைச் சுற்றி உண்டாகியிருந்த ஏரியில் பாய்ந்தது.

நல்லவேளையாக, எழுதத் தெரிந்த ஒருவர் அப்போது கட்சில் இருந்தார். ஆங்கில அரசின் பிரதிநிதியான ஜேம்ஸ் மக்மர்டோ. நடுக்கம் அடங்கியதும் பார்த்ததையும் கேட்டதையும் திரட்டி எழுதினார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். சில ஆண்டுகள் கழித்து அலெக்சாண்டர் பர்ன்ஸ் படகில் சிந்த்ரிக்குப் போய்ப் பார்த்தார். நீர்ப்பரப்பின் நடுவே ஒரு கோபுரம் மட்டும் நின்றது. இந்த விவரங்கள் லண்டனில் சார்ல்ஸ் லயலின் கைக்குப் போயின. நிலவியலின் அடிப்படை நூல் என்று இன்றும் சொல்லப்படும் அவருடைய புத்தகத்தில் சிந்த்ரிக் கோட்டையின் படம் இடம்பெற்றது. நிலநடுக்கத்தால் நிலப்பரப்பே உயரும், தாழும் என்பதற்கு உலகில் நன்றாகப் பதிவான ஆரம்பச் சான்றுகளில் ஒன்று நம் கட்ச். கல்லூரியில் எனக்கு இதைச் சொல்லித் தந்தவர்கள் கலிபோர்னியா உதாரணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான்.

அடுத்த பதிவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1845 ஜூனில் லக்பத் பக்கம் ஒன்று. 1956 ஜூலை 21 இரவு அஞ்சாரில் ஒன்று, அளவு 6, இறந்தவர் 115 பேர். பிறகு 2001 ஜனவரி 26.

அந்த நாளை இங்கே பலரும் நினைவு வைத்திருப்பீர்கள். குடியரசு நாள். தொலைக்காட்சியில் டெல்லி அணிவகுப்பைப் பார்க்க உட்காரும் நேரம், காலை 8.46. மையம் பச்சாவுக்கு அருகே, புஜ் நகரத்துக்குக் கிழக்கே எழுபது கிலோமீட்டர் அளவில். அளவு 7.7. அரசுக் கணக்கில் இறந்தவர் 13,805 பேர். காயம்பட்டவர் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். இடிந்தழிந்த கட்டடங்கள் சுமார் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். புஜ், அஞ்சார், பச்சாவ், ராப்பர் என்ற நான்கு ஊர்கள் ஒரே காலையில் கற்குவியலாயின. அஞ்சாரில் பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்தி ஊர்வலமாக ஒரு குறுகிய சந்துக்குள் நுழைந்திருந்தார்கள். இரண்டு பக்கச் சுவர்களும் அவர்கள்மேல் சாய்ந்தன. நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், இருபது ஆசிரியர்கள். அவர்களுக்கு அஞ்சாரில் 2022-ல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். ஓர் ஆசிரியனாக இந்த இடத்தை என்னால் இதற்கு மேல் விவரிக்க முடியாது. மன்னியுங்கள்.

இப்போது கடைசி பெஞ்சுக் கேள்வியைக் கையில் எடுப்போம். 1819, 1845, 1956, 2001. இடைவெளிகள் 26, 111, 45 ஆண்டுகள். சராசரி போட்டால் ஏறத்தாழ அறுபத்தொன்று. 2001-உடன் அறுபத்தொன்றைக் கூட்டினால் 2062. அடுத்தது 2062-ல் வரும் என்று நான் இங்கே அறிவித்தால், நாளைக் காலைக்குள் கைபேசி எல்லாம் அதுதான் சுற்றும். ஆனால் அது நிலவியல் அல்ல, கிளி ஜோசியம். 26-ஐயும் 111-ஐயும் கூட்டி வகுத்து வரும் எண்ணுக்கு என்ன பொருள்? அதோடு, இந்த நான்கும் ஒரே பிளவில் நடந்தவையும் அல்ல. 1819-ல் அசைந்தது வடக்கே அல்லா பந்த் பிளவு. 2001-ல் அசைந்தது நூறு கிலோமீட்டருக்கு மேல் தென்கிழக்கே, வாகட் மேட்டின் அடியில் இருக்கும் வேறு பிளவு. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தையும் எதிர்வீட்டுக் கல்யாணத்தையும் சேர்த்து, நம் வீட்டில் எத்தனை வருஷத்துக்கு ஒரு கல்யாணம் என்று கணக்குப் போடலாமா?

இங்கே ஒரு மறுகருத்தையும் சொல்லிவிட வேண்டும். வீடுகள் தனித்தனி என்றாலும் சுவர் பொதுவாக இருக்கலாம். 1819-ல் ஒரு பிளவு நழுவியபோது சுற்றுப்புறப் பாறையில் அழுத்தம் இடம் மாறியது, அந்த மாற்றம் 1956-ஐயும் 2001-ஐயும் முன்கூட்டியே இழுத்துவந்திருக்கலாம் என்று கணிப்பொறி மாதிரிகள் வைத்து வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. ஆனால் அதை ஏற்றாலும் அறுபத்தொன்று என்ற எண்ணுக்கு உயிர் வராது. இழுத்துவிட்டவனுக்குத் தேதி சொல்லும் பழக்கம் இல்லை.

காகிதத்தில் 1819-க்கு முன்னால் என்ன இருக்கிறது? இதில் ஒரு வேடிக்கையான கதை உண்டு. நம் நாட்டு நிலநடுக்கங்களை முதன்முதலில் விரிவாகப் பட்டியலிட்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஓல்டாம். அவர் இறந்த பிறகு மகன் ஆர். டி. ஓல்டாம் முடித்து 1883-ல் வெளியிட்டார். இந்த மகன்தான் பிற்காலத்தில் பூமியின் நடுவில் ஒரு கருவம் இருப்பதை நிலநடுக்க அலைகளைக் கொண்டே காட்டியவர். கட்சின் 1819 நடுக்கத்தைப் பற்றியும் முதுமையில் தனி நூலே எழுதினார். இந்திய நிலநடுக்கப் பட்டியல்களில் நெடுநாள் ஒரு பதிவு இருந்தது. கி.பி. 893, சிந்துக் கடற்கரையில் தேபல் என்ற துறைமுகத்தில் ஒன்றரை லட்சம் பேர் இறந்தார்கள் என்று. கட்சுக்கு அடுத்த வீடு. இது உண்மையானால் கணக்கே மாறும்.

ஆனால் அந்த நடுக்கம் நடந்தது ஆர்மீனியாவில்! அங்கே துவின் என்று ஒரு தலைநகரம். அரபு எழுத்தாளர்கள் அதை தபீல் என்பார்கள். அரபு எழுத்தில் தபீலையும் தேபலையும் எழுதி, எழுத்தின் மேலும் கீழும் வரும் புள்ளிகளை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். யாரோ ஒரு படியெடுத்தவர் புள்ளி தப்பியதால் ஆர்மீனிய நடுக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து சிந்துவில் இறங்கிவிட்டது. ஈரானின் அர்தபீலிலும் அதே ஆண்டு அதே சாவு எண்ணிக்கையோடு இன்னொரு தரம் இறங்கியிருக்கிறது. நிக்கலஸ் அம்பிரேசிஸ் போன்ற ஆய்வாளர்கள் மூல நூல்களைத் தோண்டி இதை அம்பலப்படுத்தினார்கள். ஓலை கிழியுமென்று புள்ளி வைக்காமல் எழுதிய சுவடிகளைப் படித்துத் தடுமாறிய பதிப்பாசிரியர்களின் வாரிசுகள் நாம். இந்தத் தவறைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த ஒரு புள்ளியால் ஒரு பிரதேசத்தின் ஆபத்துக் கணக்கே மாறியிருக்கக்கூடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆக, காகிதத்தை நம்பினால் இருநூறு ஆண்டு. கருவி என்று போனால் அதுவும் இல்லை. இந்தியாவில் நிலநடுக்கமானி வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். மில்னே வகைக் கருவிகள் கல்கத்தா, பம்பாய் ஆகிய இடங்களோடு நம் கொடைக்கானலுக்கும் வந்தன. பிளவு அசைகிற கால அளவோடு ஒப்பிட்டால் இந்த நூற்றிருபது ஆண்டு ஒரு நாள் சிட்டைகூட ஆகாது.

பிறகு எங்கே போவது? மண்ணுக்கு. 2001-லும் 1819-லும் ரண் பாலையில் ஒரே மாதிரி காட்சியைக் கண்டிருக்கிறார்கள். தரை பிளந்து தண்ணீரும் மணலும் ஊற்றாகப் பீறிட்டன. வறண்ட பழைய வாய்க்கால்களில் நீர் ஓடியது. 2001-ல் சிலர் இதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டு, மறைந்த சரஸ்வதி திரும்பி வந்துவிட்டாள் என்றுகூடப் பேசினார்கள். நடந்தது இதுதான். நீர் நிறைந்த மணல் குலுங்கும்போது மணிகள் ஒன்றையொன்று பற்றுவதை விட்டு, கொஞ்ச நேரம் கூழ் போல ஆகிவிடும். மேலிருக்கும் களிமண் அழுத்த, கூழ் கிடைத்த விரிசல் வழியே மேலே கொப்பளிக்கும். காண்ட்லா துறைமுகத்தில் ஒரு கோபுரக் கட்டடம் சாய்ந்ததும் இதனால்தான். கொப்பளித்த மணல் அப்படியே களிமண்ணுக்குள் நரம்பு போல உறைந்துவிடும். அதன்மேல் புதுச் சேறு படியும். இதுவே மண்ணின் பேரேட்டில் ஒரு பதிவு.

இந்தப் பேரேட்டை அல்லா பந்த் பகுதியில் திறந்து பார்த்தவர்கள் சி. பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும். பக்கத்துக் கேரளத்தைச் சேர்ந்த தம்பதியர். குழி வெட்டினார்கள், மணல் நரம்புகளைப் பார்த்தார்கள், அவற்றோடு கிடந்த கரிமப் பொருளின் வயதைக் கணித்தார்கள். 1819-க்கு முந்தைய ஒரு பெரிய அதிர்வின் தடம் கிடைத்தது. அதன் வயது சுமார் எண்ணூறு முதல் ஆயிரம் ஆண்டு. இந்த ஏட்டின்படி அதே பிளவில் இரண்டு பெரு நடுக்கங்களுக்கு நடுவே எட்டு நூற்றாண்டு அளவுக்கு இடைவெளி.

அதற்கும் பழைய ஏடு செங்கல்லிலும் கல்லிலும் இருக்கிறது. ரண் பாலையின் நடுவே காதிர் என்ற மேட்டில் தோலாவீரா. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹரப்பா நாகரிக நகரம். அதை 1990 முதல் அகழ்ந்த ஆர். எஸ். பிஷ்ட், நகரத்தின் ஒரு கட்டத்தில் கோட்டைச் சுவர்கள் கடுமையாகச் சேதமாகி, பிறகு பெருமளவில் பழுது பார்க்கப்பட்டதைக் கண்டு, அது நிலநடுக்கத்தின் வேலை என்றார். சுவர் சாய்வதற்கு நூறு காரணம் இருக்கும் என்ற எச்சரிக்கையோடுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மற்ற இடமென்றால் நானே தயங்குவேன். கட்ச் என்பதால் தயக்கம் குறைவு.

இன்னும் ஒரு வழி, பேச்சுக்கு ஒரு கணக்கு. கட்சின் குறுக்கே நெருக்கம் மிக மெதுவானது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லா பந்த் உயர்ந்தது அதிக அளவாக ஆறு மீட்டர். ஆறு மீட்டரை இரண்டு மில்லிமீட்டரால் சேர்த்துவைக்க மூவாயிரம் ஆண்டு வேண்டும். அறுபத்தொன்று, எண்ணூறு, மூவாயிரம். ஒரே ஊர், ஒரே கேள்வி, மூன்று விடை. மூன்றுமே கூட்டல் கழித்தலில் தவறாதவை.

மண் பொய் சொல்லாது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். பொய் சொல்லாது, சரி. ஆனால் எழுதாமல் விட்டுவிடும். 2001-ல் பிளவு நிலத்தின் மேற்பரப்பு வரை வரவே இல்லை. பதினாறு இருபது கிலோமீட்டர் ஆழத்தில் நழுவி, அங்கேயே நின்றுவிட்டது. ஆய்வாளர்கள் பச்சாவின் வடக்கே வயல் வயலாக நடந்து தேடினார்கள். வெடிப்புகளும் மணல் கொப்பளிப்புகளும் கிடைத்தன, 1819 போன்ற கரை ஒன்றும் எழவில்லை. பதின்மூவாயிரம் பேரைக் கொன்ற நடுக்கம் அது! இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அங்கே குழி வெட்டினால், மெல்லிய மணல் நரம்புக்கு மேல் அவருக்கு என்ன கிடைக்கும்? அப்படியானால் நமக்கு முன்னால் எத்தனை 2001-கள் பேரேட்டில் ஏறாமல் போயிருக்கும்? என் தொழில் வாழ்க்கையில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். எண்ணூறு என்ற எண்ணைக்கூட நான் அதிகபட்ச இடைவெளி என்றுதான் வாசிப்பேன். விட்டுப்போன பதிவுகள் இடைவெளியைக் குறைக்கத்தான் செய்யும்.

நடுக்கங்களின் எண்ணிக்கையில் ஒழுங்கே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அது நாள்காட்டியில் இல்லை. உலகம் முழுவதுமாகப் பார்த்தால் ஆண்டுக்கு எட்டு அளவில் ஏறத்தாழ ஒன்று, ஏழு அளவில் பதினைந்து, ஆறு அளவில் நூற்றுக்கும் மேல். ஒரு படி இறங்கினால் எண்ணிக்கை பத்து மடங்கு கூடும். அதே ஒரு படிக்கு வெளிப்படும் ஆற்றலோ முப்பத்திரண்டு மடங்கு குறையும். சில்லறை எவ்வளவு கிடந்தாலும் பெரிய நோட்டுக்கு ஈடாகாது. "சின்னச் சின்னதாக ஆடிவிட்டால் பெரிசு வராது சார்" என்று என் மாணவர்களில் பாதிப்பேர் நம்பினார்கள். ஓர் ஏழின் ஆற்றலைத் தீர்க்க ஆயிரம் ஐந்துகள் வேண்டும். கட்சில் 2001-க்குப் பிறகு பின்னதிர்வுகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 2006 மார்ச்சில்கூட ஐந்தரையை ஒட்டி ஒன்று வந்தது. காந்திநகரில் இதற்கென்றே அமைந்த நிலநடுக்க ஆராய்ச்சி நிறுவனம் இன்று மனிதர் உணராத சிறு அதிர்வுகளையும் பதிந்துகொண்டிருக்கிறது. சிட்டை இப்போது ஒழுங்காக எழுதப்படுகிறது, அதில் சந்தேகமில்லை.

ஆபத்தை அறிய இந்த ஏடுகள் எதுவும் தேவைப்படவில்லை என்பது கதையின் இன்னொரு பக்கம். 2001-க்கு முப்பது ஆண்டுக்கு முன்பே கட்ச் நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் மிக அபாயமான ஐந்தாம் மண்டலத்தில்தான் இருந்தது. அதாவது மராட்டியத்தின் லாத்தூர் போல அல்ல. அங்கே 1993-ல் பத்தாயிரம் பேர் வரை இறந்தபோது, வரைபடம் அந்த ஊரை மிகப் பாதுகாப்பான வட்டாரத்தில் வைத்திருந்தது. கட்சைப் பற்றி வரைபடத்துக்குத் தெரிந்திருந்தது. கொத்தனாருக்குத் தெரிவிக்கவில்லை. ஊருக்குள் இருந்தவை பெரும்பாலும் உருட்டுக்கல்லை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள், மேலே கனத்த ஓடு. அகமதாபாத்தில் நிலைமை தலைகீழ். கான்கிரீட் அடுக்குமாடிகள். ஆனால் தரைத் தளத்தில் சுவரே இல்லாமல், கார் நிறுத்துவதற்காகத் தூண்கள் மட்டும். மையத்திலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளியும் அப்படிப்பட்ட கட்டடங்கள் மடிந்து உட்கார்ந்து நூற்றுக்கணக்கானவர்களை அமுக்கின. இந்த அரங்கத்துக்கு வரும் வழியில் அப்படிக் கால்மேல் நிற்கும் புதுக் கட்டடங்கள் ஏழு எண்ணினேன். சென்னைக்காரர்கள் கவனிக்க: 2002-ல் திருத்திய தர விதிகளில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. கோவைக்காரர்களுக்கு 1900 பிப்ரவரி 8-ஐ நினைவுபடுத்த வேண்டும். அளவு ஆறு சொல்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், கோவையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கட்சிலேயே ஒரு வகைக் கட்டடம் பெரும்பாலும் தப்பித்தது. ரண் ஓரத்தில் பன்னி என்ற மேய்ச்சல் நிலத்து மக்கள் கட்டும் வட்ட வடிவ மண் வீடு. புங்கா என்பார்கள். மூலையே இல்லாத சுவர். சுவர் முதலில் பிளப்பது மூலையில்தானே! மேலே கூம்பாக வேய்ந்த லேசான புல் கூரை. கூரையின் பாரம் சுவரில் முழுதாக இறங்காமல், குறுக்கே போட்ட விட்டத்தின் நடுவில் நிற்கும் ஒரு மரத்தூணில் உட்காரும். 2001-ல் சுற்றுப்புறக் கல்வீடுகள் சரிந்தபோது நன்றாகக் கட்டிய புங்காக்கள் நின்றன. 1819-க்குப் பிறகு பெரியவர்கள் யோசித்து உண்டாக்கிய வடிவம் இது என்று அங்கே சொல்வார்கள். அது சரித்திரமா, பிற்காலப் பெருமையா என்பதில் எனக்கு முடிவான எண்ணம் இல்லை. ஆனால் நடுக்கத்தின் நினைவை இருநூறு வருஷம் சுமக்க ஏடு எதுவும் தேவையில்லை, ஒரு சுவரின் வளைவு போதும் என்ற அளவில் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். இன்னொரு பக்கம் புதுத் தொழில்நுட்பமும் வந்தது. புஜ்ஜில் இடிந்துபோன பெரிய மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது, ஈயமும் ரப்பரும் சேர்ந்த திண்டுகளின்மேல் அதை நிறுத்தினார்கள். தரை ஆடினாலும் கட்டடம் அதே வேகத்தில் ஆடாது. திண்டுகள் நியூசிலாந்துத் தொழில்நுட்பம்.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசியாக ஒன்று. கட்சின் பேரேட்டில் இன்னும் படிக்காத பக்கங்கள்தான் அதிகம். 2001-ஐக் கொடுத்த பிளவின் முந்தைய நடுக்கம் எப்போது? கட்ரோல் மலைப் பிளவு, புஜ் ஊருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருப்பது, கடைசியாக எப்போது பெரிதாக நகர்ந்தது? இதற்கெல்லாம் குழி வெட்டித்தான் பார்க்க வேண்டும். அல்லா பந்த் இருப்பது இந்திய பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய காவல் பகுதி. எல்லைப் படையின் அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும். அனுமதி கிடைத்தாலும் மழைத் தண்ணீர் வற்றி உப்புத் தரை வண்டியைத் தாங்கும் வரை காத்திருக்க வேண்டும். கார்த்திகை மார்கழி ஆகிவிடும். சித்திரை பிறந்தால் வெயிலில் நிற்க முடியாது. அந்த நாலு மாதத்துக்குள் ஒரு குழி, மிஞ்சிப்போனால் இரண்டு. ஆனியில் மறுபடியும் தண்ணீர் ஏறி, வெட்டிய குழியை மூடிவிடும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்று கேட்கிறவர், எந்த ஏட்டின்படி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.